வெட்டுக்காசு

தமிழ்வாணி போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதையும் அவள் தன் கேள்வியாகக் கேட்கவில்லை.

"அம்மாவுக்கு இனி ரொம்ப நாள் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார் மாமா. அது உங்கள வரச் சொல்லல. பொறந்த வீட்டுக் கோடி வருமா வராதான்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுச்சு."

கோச்சடையில் தன் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த சின்னான், பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். எழுபது தாண்டியும் நாற்காலியில் முதுகு சாய்க்காத மனிதர். ரயில்வேயில் தண்டவாளக் கூலியாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். அவர் வகையறாவில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவரும் அவர்தான், மாடி வீடு கட்டியவரும் அவர்தான். பதில் சொல்லத் தெரியாமல் அவர் விழித்ததை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் நல்லவேளையாக வீட்டில் ஆளில்லை.

ஒரு பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. கோடி வராமல் பாடை தூக்கினால் அவள் நாதியற்றுப் போனாள் என்றுதான் ஊர் பேசும். அந்தப் பேச்சு பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும். தமிழ்வாணியின் அம்மா சோணையம்மாள் அவருக்கு ஒரே தங்கை. அவளுக்குக் கோடி போடக் கடமைப்பட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் காசு வெட்டிக் கிடந்தது.

உறவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சில கருப்பசாமி முன்னால் போய்க் காசு வெட்டும். பூசாரி சாட்சியாக நிற்க, ஒரு நாணயத்தை உளி வைத்து இரண்டாகத் துண்டிப்பார்கள். ஒரு பாதி சாமியின் அரிவாளடியில் கிடக்கும். வெட்டியவர் மறு பாதியை எடுத்துப்போய், யாரும் எளிதில் சேர்த்துவிடக் கூடாதென்று ஆற்றில் எறிந்துவிடுவார். அதன் பிறகு ஒருவர் வீட்டுத் தண்ணீர் மற்றவருக்கு ஆகாது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கை எதையும் வாங்கக் கூடாது. மனம் மாறினால் வெட்டியவரே இரண்டு பாதியையும் கொண்டுவந்து, மஞ்சள் நூல் சுற்றி, அதே சாமி முன்னால் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் கை மாற்றினால் அந்த வெட்டு கொடுத்தவரையும் வாங்கியவரையும் தேடி வரும் என்பது நம்பிக்கை. வந்ததாகச் சொல்லப்பட்ட வீடுகள் இரண்டை சின்னானுக்கே தெரியும். இரண்டும் இப்போது பூட்டிக் கிடக்கின்றன.

முப்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டியவர் சின்னான். தாமரைப்பூப் போட்ட பழைய இருபது பைசா. பித்தளை நிறத்தில் மின்னும். கை நடுங்காமல் ஒரே அடியில் வெட்டினார். கோச்சடைப் பக்கத்துப் படித்துறையில் நின்று தன் பாதியை வைகைக்குள் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனார்.

போன் வந்ததற்கு மறுநாள் காலையில் அவர் அந்தப் படித்துறைக்குப் போனார். இப்போது அங்கே தண்ணீர் இல்லை. கருவேலமும் ஆகாயத்தாமரை காய்ந்த சருகும் போக, நடுவில் ஒரு பாட்டம் மணல் பரந்த திட்டாகக் கிடந்தது. தடுப்பணை ஓரமாக மட்டும் ஒரு மடு, கறுத்த தண்ணீரோடு தேங்கி நின்றது. அந்த மணலில் ஒரு ஆள் காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, நீளக் கம்பின் நுனியில் வட்டத் தட்டு வைத்த ஒரு மெஷினைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டு நடந்தார். போன மாதமே அவரை ஓரிரு முறை சின்னான் பார்த்திருக்கிறார். பார்த்தும் பாராமல் போனார். இந்தத் தடவை இறங்கிப் போய்ப் பேசினார்.

அவர் பெயர் உபைதுல்லா. காஜிமார் தெருப் பக்கம் பழைய நாணயம் வாங்கி விற்கும் சின்னக் கடை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கடை திறக்கும் முன்பும் வெள்ளிக்கிழமை போக மற்ற நாள் ஓய்விலும் ஆற்றுக்கு வந்துவிடுவார். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் மெஷின் சத்தம் கொடுக்கும். இரும்புக்கு ஒரு முனகல், செம்புக்கும் வெள்ளிக்கும் மெல்லிய கீச்சு.

"நம்ம ஆத்துல தண்ணியத் தவிர எல்லாம் இருக்குய்யா" என்று சிரித்தார்.

சின்னான் சிரிக்கவில்லை. தான் எதைத் தேட வந்தோம் என்பதையும் சொல்லவில்லை. வீட்டுக்குள் விழுந்த வெட்டை வெளியாள் காதில் போடுவது அவரைப் பொறுத்தவரை தெருவில் நின்று துணி அவிழ்ப்பது மாதிரி. தன் அப்பா போட்டிருந்த வெள்ளி மோதிரம் ஒன்று வெகுகாலத்துக்கு முன்னால் இந்தப் படியில் குளிக்கும்போது நழுவிவிட்டது, அதைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் என்பதால் குரலைக் கொஞ்சம் அதிகமாகவே விறைத்துக்கொண்டார். உபைதுல்லா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து இந்தப் பாட்டத்தையே பார்த்துவிடலாம், ஆனால் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும் என்றார்.

முதல் நாள் சின்னான் கரையில் அரசமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உபைதுல்லா ஒரு கீச்சு கேட்டதும் மண்டியிடுவார், சின்னக் கரண்டியால் தோண்டுவார், சல்லடையில் சலிப்பார். வருவது பெரும்பாலும் சோடா மூடியும் ஆணியும்தான். அதற்கு நடுவில் ஓட்டைக் காலணா ஒன்று வந்தது. பச்சை பிடித்த செம்புக் காசுகள் வந்தன. ஒரு குழந்தையின் கால் தண்டை வந்தது, ஒற்றையாக. அறுத்து எறிந்த மெட்டி ஒரு பிடி வந்தது. புருஷன் செத்த பெண்களுக்குக் கழற்றுவது. அவற்றை எல்லாம் கொண்டுவந்து சின்னான் முன்னால் துணியில் பரப்பி, மோதிரம் இருக்கிறதா பாருங்கள் என்பார். இல்லை என்று சின்னான் தலையாட்டுவார். அவ்வப்போது உபைதுல்லா கையில் எடுத்ததைத் துணிக்குக் கொண்டுவராமல், ஏதோ முணுமுணுத்துவிட்டு மடுவைப் பார்த்து வீசினார். சோடா மூடியாக இருக்கும் என்று சின்னான் நினைத்தார்.

அந்த மெட்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். மணல் என்று இத்தனை நாளும் நினைத்தது மணல் இல்லை போலிருந்தது. ஊரில் யார் யார் எதை எதை இனி வேண்டாம் என்று விட்டார்களோ அதெல்லாம் அடியில் கண்ணை விழித்துக்கொண்டு கிடக்கிறது. தட்டு தலைக்கு மேல் வந்ததும் ஒவ்வொன்றும் வாய் திறக்கிறது.

அடுத்த நாள் உச்சி வெயிலில் உபைதுல்லா தொழுகைக்குப் போனார். போகும்போது, சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நீங்களும் ஒரு சுற்றுப் பாருங்கள் என்று மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சின்னான் செருப்பைக் கரையில் கழற்றி வைத்தார். அவர் கால்கள் தண்டவாளச் சல்லியில் முப்பது வருஷம் வெந்த கால்கள், மணல் சூடு ஒன்றும் செய்யாது. காதுக் கருவியை மாட்டியதும் ஆற்றுப் பாலத்தில் ஓடிய வண்டிச் சத்தம் எல்லாம் அற்றுப்போனது. உள்ளே ஒரே ரீங்காரம். வண்டு ஒன்று மூங்கிலுக்குள் அடைபட்ட மாதிரி.

தட்டை வீசி வீசி நடந்தார். ரீங்காரம் ஏறும், இறங்கும். மடுவுக்குப் பக்கமாக வந்தபோது அது வேறு மாதிரி ஆயிற்று. சத்தம் மேலே போய், நீண்டு, கடைசியில் வளைந்தது. அவர் நின்றார். தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டார். அசைக்காதபோது மெஷின் பேசாது என்று உபைதுல்லா சொல்லியிருந்தார். ஆனாலும் சத்தம் வந்தது. சின்னப் பிள்ளைகள் முன்னால் நடந்து போகிறவரைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பார்களே, அந்த இழுப்பு.

அண்ணே...

காதுக் கருவியைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். யாரும் இல்லை. கரைவரைக்கும் வெயில் அலையடித்தது. அவர் நடந்து வந்த தடம் மட்டும் வரிசையாகத் தெரிந்தது. சின்ன வயதில் சோணை இந்த மாதிரிதான் அவருக்குப் பின்னால் வருவாள். சுடுமணலில் கால் வைக்கப் பயந்துகொண்டு, அவர் கால் வைத்து எடுத்த குழிக்குள்ளேயே தன் காலை வைத்து, எட்டி எட்டித் தாவி வருவாள். மேல்மணல் கலைந்த குழிக்குள் கொஞ்சம் சூடு குறைவு.

அவர் தன் தடத்தை நெருங்கிப் பார்த்தார். ஒவ்வொரு குழிக்குள்ளும் இன்னொரு பாதம் பதிந்திருந்தது. சிறியது. குதிகால் படாமல் விரல் நுனி மட்டும் அழுந்திய பாதம்.

சின்னான் பேய் பிசாசுக்குப் பயந்த ஆள் இல்லை. ஆள் அடிபட்டுச் செத்த தண்டவாளத்தை அன்று மாலையே தனியாக நடந்து பரிசோதித்தவர். ஆனால் அன்றைக்கு அந்தத் தடத்தின் மேலேயே நடந்து கரைக்குத் திரும்ப அவருக்குக் கால் வரவில்லை. கருவேலத்தைச் சுற்றிக்கொண்டு, முள் கிழிக்க, வேறு பக்கமாக ஏறினார். உபைதுல்லா வந்து பார்த்தபோது மணலில் காற்று புகுந்து தடம் பாதி கலைந்திருந்தது. சின்னான் மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்குப் போனதும் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரே தங்கை இருக்கும் கீழக்குயில்குடிக்குப் போன் போட்டார். தமிழ்வாணி எடுத்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதால் நிதானமாகப் பேசும் பழக்கம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. என்ன செய்கிறாய் என்று அவளைத்தான் கேட்டார். அவளாகவே சொன்னாள்.

"இன்னைக்கு மத்தியானம் ஒரு மாதிரி ஆயிருச்சு மாமா. எந்திரிச்சு உக்காரவே முடியாத ஆளு, கால் சுடுது கால் சுடுதுன்னு ஒரே அரற்றல். துணிய நனைச்சு உள்ளங்கால்ல சுத்தினோம். அப்பறமும் அடங்கல. கொஞ்ச நேரங் கழிச்சு அதுவா சரியாயிருச்சு."

எந்த நேரம் என்று அவர் கேட்கவில்லை.

அன்றைய செய்தியில் அணையைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். விடிந்ததும் சின்னான் ஆற்றுக்கு ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அப்படிப் போய்த் தெருவில் யாரும் பார்த்ததில்லை. உபைதுல்லா மெஷினைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அணையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, பாட்டத்தை முழுக்கப் பார்த்தாகிவிட்டது, மோதிரம் வெள்ளத்தோடு போயிருக்கும் அய்யா, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

சின்னான் மணலில் நின்றபடியே சொன்னார். மோதிரம் ஒன்றும் இல்லை என்றார். தேடியது பாதிக் காசு, வெட்டுக்காசு என்றார்.

உபைதுல்லாவின் கை பையின் ஜிப்பிலேயே நின்றுவிட்டது.

"மஞ்சப் பித்தளையா? தாமரையில பாதியா?"

"ஆமா."

"மொத நாளே கெடச்சுச்சேய்யா" என்றார் உபைதுல்லா. "மடுவுல தூக்கிப் போட்டுட்டேன்."

அவருடைய அப்பா பீர் முகமது பழைய பித்தளை வியாபாரி. ஆற்றில் கிடைத்ததில் அறுத்ததும் கட்டினதும் நமக்கு வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லி வைத்திருந்தார். வெட்டின காசு, கட்டின தாயத்து, ஆணி அடித்த தகடு எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. யாரோ யார்மேலோ விட்டது, எடுத்தவன் தலையில் ஏறும். கையில் பட்டால் ஓதிவிட்டு ஆழத் தண்ணீரில் போட வேண்டும். இத்தனை வருஷமும் உபைதுல்லா அதைத்தான் செய்துவந்தார். அன்றும் அதைத்தான் செய்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கத்தா பேச்ச மீறி எடுத்துக் குடுத்திருப்பேனேய்யா. மோதிரம்னுல்ல சொன்னீங்க?"

வீட்டு மானம் வெளியே போகக் கூடாதென்று அவர் வாயைக் கட்டினார். கட்டின வாய்க்கு நேர் எதிரே, அவர் கண் பார்க்க, காசு மடுவுக்குள் போயிருக்கிறது.

இரண்டு பேரும் மடுவில் இறங்கினார்கள். இடுப்பளவு சேறு. தட்டைத் தண்ணீருக்குள் விட்டதும் மெஷின் அலறியது. தடுப்பணை கட்டியபோது விட்ட கம்பியும் தகரமும் அடியெங்கும் கிடந்தன. எங்கே வைத்தாலும் அலறல்தான், எது இரும்பு, எது காசு என்று பிரிக்க வழியில்லை. உபைதுல்லா கையை விட்டு விட்டு அள்ளினார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. சின்னானும் அள்ளினார். அள்ளிக்கொண்டே, யாரும் கேட்காமல், அதுவரை யாரிடமும் சொல்லாத கதையை அந்த மடுவுக்குள் நின்று சொன்னார்.

ஊரில் பெரிய வீடு என்று ஒன்று உண்டு. அங்கே சாவு விழுந்தால் இவர்கள் ஆட்கள் போய் வாசல் கூட்டி, சாம்பல் அள்ளி, கடைசியில் தரையில் கொட்டும் நெல்லைக் குனிந்து அள்ளிக்கொண்டு வர வேண்டும். கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், தீட்டு. இனி நம் வகையறாவில் ஒரு ஆளும் அதற்குப் போகக் கூடாது என்று கூட்டம் போட்டுச் சொன்னவர் சின்னான். எல்லோரும் கட்டுப்பட்டார்கள். பெரிய வீட்டுக் கிழவர் செத்தபோது, கட்டுப்பாட்டை மீறிப் போய் முந்தானையில் நெல் அள்ளியவள் அவருடைய தங்கை. அதற்கு முந்தின மாதம் அவள் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்து, பெரிய வீட்டு ஜீப்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தது. பிள்ளை பிழைத்தது. கூப்பிட்டபோது போகாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"கையில குடுத்தாகளா, தரையில போட்டாகளான்னு கேட்டேன். தரையிலதான் அண்ணேன்னா. மறுவாரம் வெட்டிட்டேன்" என்றார் சின்னான்.

"அந்தப் பிள்ளை?"

"அதுதான் போன் பண்ணுது."

மேற்கே ஒரு இரைச்சல் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில்தான் வந்தது. உபைதுல்லா அவர் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டமெல்லாம் மூழ்கியது. இரண்டு நாளாக அவர்கள் தோண்டிய குழிகள் ஒவ்வொன்றும் மூச்சு விட்டுக் குமிழியிட்டு நிரம்பின. குமிழி உடைகிற சத்தம் சின்னானுக்கு யாரோ பல பேர் ஒரே சமயத்தில் பேச வாயெடுத்து அடங்கின மாதிரி இருந்தது. உபைதுல்லாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், அவர் உதடு அசைந்து ஓதிக்கொண்டிருந்தது.

கரையில் சட்டையோடு வைத்திருந்த போன் அடித்தது. தமிழ்வாணி. அவள் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவளும் அழவில்லை. பாடை எடுக்கும் நேரத்தை மட்டும் சொன்னாள். வைப்பதற்கு முன்னால், வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

சின்னான் வீட்டுக்குப் போய்க் குளித்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். துணிக்கடையில் கோடிச் சேலை கேட்டபோது, இறந்தவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கடைக்காரர் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. கடைசியாக அவர் பார்த்தபோது அவள் கட்டியிருந்தது கிழிந்த நூல் சேலை, நிறமே இல்லாதது. இருப்பதிலேயே நல்லதாகக் கொடுங்கள் என்றார். உபைதுல்லா கேட்காமலே வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

மலையடிவாரத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். சின்னான் தெருமுனையில் இறங்கி, சேலையை இரண்டு கையிலும் ஏந்தி, நிமிர்ந்து நடந்தார். அவரைக் கண்டதும் அழுகை ஒவ்வொரு பக்கமாக நின்றது. கூட்டம் வழி விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. பந்தலுக்கு வெளியே பூசாரி காளை நின்றார். பங்காளி முறை. காசு வெட்டியபோது சாட்சியாக நின்றவர்.

"சேத்தாச்சா அண்ணே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. ஆத்தோட போயிருச்சு."

காளை கெட்ட மனிதர் இல்லை. இரண்டு பக்கமும் தாக்காமல் காரியம் நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர். ஒரு வழி இருக்கிறது என்றார். கைக்குக் கைதான் ஆகாது. கோடியை மண்ணில் வைத்துவிட்டு அண்ணன் இரண்டு எட்டுப் பின்னால் போகட்டும். மண் வாங்கிக்கொண்ட பிறகு அது யார் கொடுத்ததும் இல்லை. மகள் வந்து எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்தட்டும். முன்பும் ஒரு வீட்டில் அப்படிச் செய்தோம், ஒரு குறையும் வரவில்லை என்றார். கூட்டத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. கோடியும் வந்தமாதிரி ஆயிற்று, கட்டும் மீறாத மாதிரி ஆயிற்று.

தமிழ்வாணி உள்ளேயிருந்து வந்தாள். அம்மாவின் அதே நெற்றி. ஜாடையைப் பார்த்ததும் சின்னானுக்கு ஒரு கணம் பேர் குழம்பியது. அவள் எதிரே வந்து நின்று, குனிந்து எடுப்பதற்குத் தோதாக முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

சின்னான் குனிந்தார். உண்மையாகவே குனிந்தார். சேலையின் மடிப்பு தரையைத் தொட ஒரு சாண் இருந்தது. செருகிய அந்த முந்தானை கண்ணில் பட்டது. இடது கையால் செருகி, வலது கையைத் தாழ்த்தி, எல்லோரும் பார்க்க அவள் அம்மா நெல்லுக்குக் குனிந்தபோதும் அப்படித்தான் செருகியிருப்பாள்.

முதுகு தானாக நிமிர்ந்தது.

"கீழ வைக்க மாட்டேன்" என்றார்.

காளை ஏதோ சொல்ல வந்தார். சின்னான் அவரைப் பார்க்கவில்லை.

"என் வீட்டுப் பிள்ளை தரையில கெடக்குறத எடுக்காது. அதுக்காகத்தான நான் கூடப் பொறந்தவளையே வெட்டினேன்? இப்ப நானே கீழ போட்டு இவள எடுக்க வைக்கவா?" குரல் ஏறவில்லை. "கையில தாரேன். வாங்குறதும் வாங்காததும் பிள்ளை இஷ்டம்."

"வெட்டு வந்து விழும் அண்ணே."

"வெட்டினவன் நான். என்மேல விழட்டும்."

"அது ஆளப் பாத்து விழாது" என்றார் காளை மெதுவாக.

இதைத் தமிழ்வாணி கேட்டாள். அவளுக்குப் பின்னால், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவள் மகன் நின்றிருந்தான். அவள் ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான் மாமா."

"தெரியும் ஆத்தா. வேணாம்னா நான் இப்பிடியே திரும்பிப் போறேன். மனசுல வச்சுக்கிற மாட்டேன். கீழ மட்டும் வைக்க மாட்டேன்."

மலைமேல் வெயில் வெள்ளையாக எரிந்தது. சின்னானின் கைகள் சேலையின் கனம் தாங்காமல் நடுங்க ஆரம்பித்தன. அவர் அதை மறைக்கவில்லை. தமிழ்வாணி இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள். சேலை ஒரு கையிலிருந்து மற்றதற்குப் போகும்போது அவர் விரல்கள் அவள் விரல்களில் பட்டன. அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

காளை கண்ணை மூடிக்கொண்டு சாமி பேரைச் சொன்னார். தெருமுனையில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற உபைதுல்லா தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார். எங்கிருந்தாவது ஒரு சத்தம் வரும், ஒரு கிளை முறியும், யாராவது விழுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்த மாதிரி இருந்தது. ஒன்றும் வரவில்லை. அப்போதைக்கு ஒன்றும் வரவில்லை.

பிறகு உள்ளே ஒரு பெண் ஒப்பாரியை எடுத்தாள். பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு என்று அவள் இழுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாடையைத் தூக்கினார்கள். முன்பக்கத்து மூங்கிலில் ஒரு தோளுக்கு இடம் காலியாக இருந்தது. சின்னான் யாரிடமும் கேட்கவில்லை, போய்த் தோளைக் கொடுத்தார்.